மெயின் ரோட்டை அடக்கினா வண்டியெல்லாம் எங்க தெருவுக்குத்தான் வருமா?

வாசல்கோலம் (இழையைத் தொடங்கியவர்)

ஏரியா பேரைச் சொல்லல, சென்னைதான். எங்க தெருவுல ரெண்டு கார் எதிரெதிரா வந்தா ஒண்ணு ரிவர்ஸ் எடுக்கணும், அவ்வளவுதான் அகலம். வடக்கு முனையில மெயின் ரோடு. தெற்கு முனையில ஒரு பின் தெரு, அது போய் ஸ்டேஷன் ரோட்டுல சேரும்.

போன வருஷம் மெயின் ரோட்டைத் திருத்தினாங்க. ஸ்கூல் வாசல்ல ஒரு விபத்து நடந்தப்புறம் எல்லாரும் சேர்ந்து கேட்டதுதான், நானும் கையெழுத்துப் போட்டேன். நடைபாதை அகலமாச்சு. ரெண்டு இடத்துல ரோட்டையே மேடாக்கி ஜீப்ரா கோடு போட்டாங்க. பலன் இருக்கு, இல்லைன்னு சொல்லமாட்டேன். எட்டாவது படிக்கிற என் பொண்ணு இப்ப தனியா ரோட்டைத் தாண்டுறா.

ஆனா எங்க தெரு நாசமாப் போச்சு. காலையில ஆறரைக்குக் கோலம் போட உக்காந்தா புள்ளி வெச்சு முடிக்கிறதுக்குள்ள நாலு தடவை எழுந்து ஒதுங்கணும். மாமனார் கேட் பக்கத்துல நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பார். அந்த நாற்காலி இப்ப ஹாலுக்குள்ள வந்துடுச்சு. பைக், ஆட்டோ, கால் டாக்ஸி, ஸ்கூல் வேன்… ஒருநாள் தண்ணி லாரி உள்ள நுழைஞ்சு கேபிள் ஒயரைப் பிச்சிக்கிட்டுப் போச்சு.

மெயின் ரோட்டுல வேகத்தைக் குறைச்சா பக்கத்துத் தெரு இப்படித்தான் ஆகுமா? எங்க தெருவுக்கும் ஸ்பீட் பிரேக்கர் கேக்கலாமா? அனுபவப்பட்டவங்க சொல்லுங்க.

முதுகுவலி_முருகன்

ஸ்பீட் பிரேக்கர் மட்டும் கேக்காதீங்க மேடம். எங்க தெருவுல முன்னூறு அடிக்கு மூணு இருக்கு. வண்டி குறையல, என் டிஸ்க்தான் குறைஞ்சது.

வடக்கு_உஸ்மான்

வாய்க்காலை ஒரு பக்கம் அடைச்சா தண்ணி இன்னொரு பக்கம் உடைச்சிக்கிட்டுப் போகத்தானே செய்யும். எங்க தி.நகர் பாண்டி பஜாரைப் பாருங்க. 2019 நவம்பர்ல நடைபாதை வளாகம்னு திறந்தாங்க. தியாகராய ரோடு பாக்க அழகாத்தான் இருக்கு, சாயங்காலம் குடும்பம் குடும்பமா உக்காந்திருக்காங்க, நானே பேத்தியைக் கூட்டிக்கிட்டுப் போறேன். ஆனா அங்க வர்ற கார் வண்டியை எங்க விடும்? பக்கத்துத் தெருவுல சுத்திச் சுத்தி இடம் தேடும். எங்க வீட்டு கேட்டை மறைச்சு நிறுத்திட்டு ஜவுளி எடுக்கப் போயிடறாங்க. தீபாவளி நேரத்துல எங்க வண்டியை நாங்களே வெளிய எடுக்க முடியாது.

ஓய்வு_பொறியாளர்

முப்பது வருடம் சாலைப் பணியில் இருந்தவன் என்ற உரிமையில் எழுதுகிறேன். வடக்கு உஸ்மான் ஐயா சொன்ன வாய்க்கால் உவமை எல்லோர் வாயிலும் வருவதுதான். அது பாதிதான் சரி. தண்ணீருக்கு மனம் மாறாது, வண்டி ஓட்டுகிறவருக்கு மாறும். நடந்து போவார், பஸ்ஸில் போவார், இரண்டு வேலையை ஒரே தடவையில் முடிப்பார், சில நாள் போகாமலே இருந்துவிடுவார். பிரிட்டனில் கெய்ர்ன்ஸ், அட்கின்ஸ், குட்வின் என்ற மூவர் 11 நாடுகளில் சாலை இடம் குறைக்கப்பட்ட 70-க்கும் மேற்பட்ட இடங்களைத் தொகுத்து 2002-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பாதி இடங்களில், அக்கம்பக்கத்துத் தெருக்களையும் சேர்த்து எண்ணிய பிறகும், வண்டிகள் 11 சதவீதத்துக்கு மேல் குறைந்திருந்தன. ஆனால் எல்லா இடத்திலும் அப்படி இல்லை, கூடிய இடங்களும் அந்தத் தொகுப்பிலேயே உண்டு.

ஐயா, உங்கள் தெருவுக்கு வருவது இடம் தேடும் வண்டி. அந்த அம்மா தெருவுக்கு வருவது ஊடே கடக்கும் வண்டி. இரண்டும் வேறு நோய். பார்க்கிங் தேடுகிற வண்டி மெதுவாக வந்து நிற்கும். கடக்கிற வண்டி நிற்காது.

வடக்கு_உஸ்மான்

நோய் எதுவா இருந்தா என்ன சார், படுத்துக்கிடக்கிறது நாங்கதானே. அங்கேயே அடுக்குமாடி பார்க்கிங் கட்டினாங்க. காசு கொடுத்து அங்க விடுறதுக்குப் பதிலா எங்க கேட்டு இலவசம்.

ஸ்டாண்ட்_நம்பர்_4

நான் ஆட்டோ ஓட்றவன். உண்மையச் சொல்றேன், கோச்சிக்காதீங்கக்கா. மேடு இருக்குன்னு எவனும் சந்துக்குள்ள பூர மாட்டான். மேட்டுல கால் பிரேக்கு ஒரு மிதி, அவ்ளோதான். சந்துன்னா நாய், பால்காரன் சைக்கிள், கட்டட வேலைக்கு வந்த மணல் குவியல், எதுத்தாப்ல கார். சந்துக்குள்ள போறது எங்களுக்கும் தலைவலிதான். அப்படியும் போறோம்னா மெயின் ரோட்டுல எதையோ மூடி இருக்கணும். ரைட் எடுக்கிற இடத்த எங்கயாவது மூடுனாங்களா?

வாசல்கோலம்

ஆமாங்க! ஸ்டேஷன் ரோடு முனையில சென்டர் மீடியன்ல இருந்த இடைவெளியை அடைச்சிட்டாங்க. இப்ப ரைட் எடுக்கணும்னா பெட்ரோல் பங்க் வரைக்கும் போய் யூ டர்ன் அடிச்சுட்டு வரணும், அறுநூறு மீட்டர் இருக்கும். ஆனா அதுக்கும் எங்க தெருவுக்கும் என்ன சம்பந்தம்?

ஸ்டாண்ட்_நம்பர்_4

உங்க தெரு முனையில மீடியன் திறந்திருக்கா மூடியிருக்கா?

வாசல்கோலம்

திறந்துதான் இருக்கு. தெருவுல ஒரு கிளினிக் இருக்கு, மூடாதீங்கன்னு நாங்கதான் எழுதிக் கொடுத்தோம்…

ஸ்டாண்ட்_நம்பர்_4

அவ்ளோதான்க்கா. முடிஞ்சுது மேட்டர்.

ஓய்வு_பொறியாளர்

ஆட்டோக்காரத் தம்பி ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்ததைக் காகிதத்தில் போட்டுக் காட்டுகிறேன். இந்தத் துறையில் இருக்கிறவர்களே இரண்டையும் போட்டுக் குழப்புவதால் கொஞ்சம் விரிவாகவே.

மேடான ஜீப்ராவும் அகல நடைபாதையும் என்ன செய்யும்? முன்பு 30 கி.மீ. வேகத்தில் போன வண்டி 20-க்கு இறங்கும் என்று வையுங்கள். 300 மீட்டரைக் கடக்க 30-இல் 36 விநாடி, 20-இல் 54 விநாடி. நஷ்டம் 18 விநாடி. பதினெட்டு விநாடிக்காக யாரும் நாய்க்கும் மணல் குவியலுக்கும் நடுவே நுழைய மாட்டார்கள்.

திருப்பத்தை மூடினால் என்ன ஆகும்? 600 மீட்டர் போய் 600 மீட்டர் திரும்ப வேண்டும். 20 கி.மீ. வேகத்தில் அந்த 1,200 மீட்டருக்கு மூன்றரை நிமிடத்துக்கு மேல் ஆகும். பங்க் முனையில் யூ டர்னுக்கு வரிசை நின்றால் ஐந்து நிமிடம். இப்போது சந்து லாபம். கைபேசியில் இருக்கிற வரைபடச் செயலியும் இதே கணக்கைத்தான் போடுகிறது. அதற்கு உங்கள் தெரு ஒரு கோடு. கோலமும் தெரியாது, நாற்காலியும் தெரியாது.

ஆக அம்மா கேட்ட கேள்விக்கு என் பதில்: மெயின் ரோட்டை மெதுவாக்கியதால் இது வந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஒரு திருப்பத்தை மூடி, அடுத்த திருப்பத்தைத் திறந்து வைத்ததால் வந்திருக்கிறது. இரண்டும் ஒரே வேலையில், ஒரே மாதத்தில் நடந்ததால் பழி மேட்டின் மேல் விழுந்துவிட்டது.

சிமெண்ட்_மூட்டை

எதுக்கு இவ்ளோ கணக்கு? ஞாயித்துக்கிழமை ராத்திரி ரெண்டு மூட்டை சிமெண்ட், கொஞ்சம் ஜல்லி. தெருவுல ரெண்டு மேடு. காலையில பாருங்க எவனாவது வர்றானான்னு. எங்க தெருவுல அப்படித்தான் பண்ணோம்.

ஓய்வு_பொறியாளர்

தயவுசெய்து செய்யாதீர்கள். சாலைகளுக்குத் தரம் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸ் 1988-லேயே இதற்கு அளவு சொல்லியிருக்கிறது: மேடு 3.7 மீட்டர் நீளம், நடுவில் 10 செ.மீ. உயரம், வில் போன்ற வளைவு. வண்டி 25 கி.மீ. வேகத்தில் தூக்கிப் போடாமல் ஏறி இறங்க வேண்டும். முன்கூட்டியே எச்சரிக்கைப் பலகையும், மேட்டின் மேல் பளிச்சென்று தெரியும் வண்ணமும் வேண்டும். நீங்கள் ராத்திரியில் போடுவது ஒரு அடி அகலத்தில் ஒரு வரப்பு. இருட்டில் வருகிற ஸ்கூட்டிக்காரப் பெண் விழுந்தால் யார் பதில் சொல்வது? பிரசவ வலியோடு வருகிறவளை நினைத்துப் பாருங்கள்.

இன்னொன்று, நம் ஊரில் மழைத்தண்ணீர் போக மேட்டின் இரண்டு ஓரத்திலும் ஒரு சாண் விட்டுவிடுவோம். பைக் அத்தனையும் அந்த ஓரத்தில்தான் நுழையும். ஓரத்தில் யார் நடக்கிறார்? உங்கள் மாமனார்.

முதுகுவலி_முருகன்

சார் வாய்க்குச் சர்க்கரை போடணும்.

மாசிவீதி_மாப்ள

மதுரைக்காரன் குறுக்க வர்றேன், மன்னிச்சுக்கங்க. எங்க ஊரு அமைப்பே கோயிலைச் சுத்தி அடுக்கடுக்கா வீதிதான். உள்ளே ஆடி வீதி, வெளியே வந்தா சித்திரை வீதி, அப்புறம் ஆவணி மூல வீதி, மாசி வீதி, கடைசியா வெளி வீதி. சித்திரை வீதியில வண்டி கிடையாது, கல்லு பாவி, நடக்க மட்டும்னு வச்சிருக்காய்ங்க. நடக்குறவனுக்கு சொர்க்கம்ணே. ஆனா உள் வட்டத்தைச் சும்மா வைக்கணும்னா அடுத்த வட்டம் சுமக்கணும்ல. ஆவணி மூல வீதியில கடை வச்சிருக்கவய்ங்ககிட்ட கேளுங்க, கதை கதையாச் சொல்லுவாய்ங்க. நான் பாத்தது என்னன்னா, வட்டத்தை விட ஊடால போற சந்துங்கதான் பாவம். மாசி வீதி அகலத்துக்குத் தேர் போகும், சந்துல கட்டைவண்டியே போகாது. அதுல இப்ப சரக்கு ஆட்டோ.

லீ_பிரிட்ஜ்_ரோட்

நான் யாழ்ப்பாணம், இப்ப இருபது வருசமா லண்டன் வால்தம்ஸ்டோ பக்கம். இஞ்ச நடந்தது உங்கட கதைக்கு நேர் தலைகீழ், ஆனா பிரயோசனப்படும் எண்டு எழுதுறன்.

2015 அளவில எங்கட கவுன்சில் வீட்டுத் தெருக்களைத்தான் முதல்ல மூடினது. தெருவின்ர நடுவில பூச்சாடியும் கட்டையும் வைச்சு, சைக்கிளும் ஆக்களும் போகலாம், கார் ஊடறுத்துப் போகேலாது. தெருவுக்குள்ள வீடு இருக்கிறவை காரில வரலாம், ஆனா வந்த பக்கமே திரும்பிப் போகோணும். திறப்பு விழாவில சனம் சவப்பெட்டி தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனது! ஓர்ஃபோர்ட் ரோட்டுக் கடைக்காரரும் நிறையப் பேர் எதிர்ப்பு. நானும் எதிர்ப்புத்தான், ஏனெண்டா நான் இருக்கிறது பெரிய ரோட்டுப் பக்கம். உள்தெருக் கார் எல்லாம் என்ர யன்னலுக்குக் கீழ வந்து நிக்கப்போகுது எண்டு பயம்.

பிறகு 2020-இல கொரோனாவோட லண்டன் முழுக்க உப்படிச் செய்தவை. வெஸ்ட்மின்ஸ்டர் பல்கலைக்கழக ஆக்கள் 46 இடங்களின்ர கணக்கைச் சேர்த்துப் பாத்தவை. உள்தெருக்களில கார் நல்லாக் குறைஞ்சிருக்கு. சுத்திவர இருக்கிற பெரிய ரோட்டுகளில சராசரி மாற்றம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. ஆனா சராசரி எண்டது ஏமாத்து வேலை பாருங்கோ. சில ரோட்டில கூடியிருக்கு, சில ரோட்டில குறைஞ்சிருக்கு. கூடின ரோட்டில இருக்கிறவனுக்குச் சராசரியைக் காட்டி என்ன பிரயோசனம்?

வடக்கு_உஸ்மான்

அதைத்தான் நானும் சொல்றேன். கடைசி வரி கல்வெட்டு.

வாசல்கோலம்

லண்டன் அண்ணா, ஆம்புலன்ஸ் எப்படி வரும்? எங்க தெருவுல மாமனாருக்கு 108 வந்திருக்கு ரெண்டு தடவை. பூச்சாடி வெச்சா அவங்க என்ன பண்ணுவாங்க?

லீ_பிரிட்ஜ்_ரோட்

நல்ல கேள்வி தங்கச்சி. சில இடத்தில நடுக்கட்டையைப் பூட்டுத் திறந்து மடக்கலாம், சாவி அவையிட்ட இருக்கும். அது நேரம் பிடிக்குது எண்டு பிறகு கனக்க இடத்தில கட்டையை எடுத்துப்போட்டு கமெரா வைச்சவை. அம்புலன்ஸ், குப்பை வண்டி போகலாம், மற்றவை போனால் தண்டம் வீட்டுக்குத் தபாலில வரும். கமெராவும் தண்டமும் இல்லாத ஊரில இது சரிவருமோ தெரியாது.

எடிசன்_வாசி

நியூ ஜெர்சியிலிருந்து. பூச்சாடியும் இல்லாமல் வெறும் பலகையை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் மாநிலத்திலேயே ஓர் ஊர் இருக்கிறது. லியோனியா. ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்துக்கு முன்னால் இருக்கிற குட்டி ஊர். பாலத்தில் நெரிசல் வந்தால் வரைபடச் செயலி எல்லோரையும் அந்த ஊர்த் தெருக்களுக்குள் திருப்பிவிடும். 2018 ஜனவரியில் சுமார் 60 தெருக்களைக் காலையிலும் மாலையிலும் வெளியூர் வண்டிக்கு மூடினார்கள். உள்ளூர்க்காரர்களுக்கு மஞ்சள் அட்டை, மீறினால் 200 டாலர். அதே வருஷம் ஆகஸ்டில் கோர்ட் அந்தச் சட்டத்தை ரத்து செய்தது. பொதுச் சாலையை இன்னார்தான் போகலாம் என்று பிரிக்க ஊருக்கு அதிகாரம் கிடையாது என்ற வாதம். இன்னொரு கூத்து, அந்த ஊர்க் கடைக்காரர்களே வியாபாரம் படுத்துவிட்டது என்று புலம்பினார்கள். வழியே மூடிக்கிடக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டார்களாம்.

மட்டுறுத்துநர்

இடையில் வந்த நான்கு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். எந்த ஆட்சியில் எந்த ரோடு போட்டார்கள் என்ற சண்டைக்கு வேறு இழை இருக்கிறது.

ஓய்வு_பொறியாளர்

வாசல்கோலம் அம்மா, மனு எழுதுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். வேலைக்கு முன்பே எண்ணியிருந்தால் நன்றாக இருந்திருக்கும், யாரும் எண்ணியிருக்க மாட்டார்கள். பரவாயில்லை. தெருவின் இரண்டு முனையிலும் ஆளுக்கொருவர் உட்காருங்கள். ஒவ்வொரு வண்டியிலும் நம்பர் பிளேட்டின் கடைசி நான்கு எண், மணி, நிமிடம், இவ்வளவுதான். ஒரு முனையில் எழுதிய எண் மூன்று நிமிடத்துக்குள் மறுமுனையில் வந்தால் அது ஊடே போகிற வண்டி. வராவிட்டால் உங்கள் தெரு வேலையாக வந்தது, அதன் மேல் கோபப்பட உங்களுக்கு உரிமை இல்லை.

கூடவே, பக்கத்தில் மீடியன் இடைவெளி இல்லாத தெரு ஏதாவது இருந்தால் அதையும் அதே நேரத்தில் எண்ணுங்கள். அந்தத் தெருவுக்கும் அதே மேடுதானே? மேட்டினால்தான் வண்டி வருகிறது என்றால் அங்கேயும் வந்திருக்க வேண்டும்.

ஸ்டாண்ட்_நம்பர்_4

அக்கா ஒண்ணு கேக்கவா. உங்க வூட்டுக்காரர் ஆபீஸ் போறது எந்த ரூட்டு?

வாசல்கோலம்

…அவர் சிக்னலைத் தவிர்க்க வேறொரு தெரு வழியாத்தான் போவார். அந்தத் தெருக்காரங்களும் எங்கயாவது இழை ஆரம்பிச்சிருப்பாங்க. புரியுது, புரியுது.

மாசிவீதி_மாப்ள

ஹஹஹா. ஆட்டோ அண்ணே சும்மா போறபோக்குல அடிச்சுட்டாரு.

கணக்கு_டீச்சர்

சென்னையில குடியிருப்புப் பகுதிக்கு 30 கி.மீ. வேகவரம்புன்னு 2023 நவம்பர்லயே அறிவிச்சாச்சே, அதைச் சொல்லி மனு கொடுக்கலாமே?

வாசல்கோலம்

எங்க தெரு அகலத்துக்கு 30-ஏ பயங்கரம் டீச்சர். வேகத்தைவிட எண்ணிக்கைதான் எங்க பிரச்சனை.

வாசல்கோலம்

பத்து நாள் கழிச்சு வர்றேன். எண்ணிட்டோம். செவ்வாய், புதன் ரெண்டு நாள், காலை எட்டிலிருந்து ஒன்பது. மெயின் ரோட்டு முனையில என் பொண்ணும் எதிர்வீட்டுப் பையனும், பின் தெரு முனையில நானும் மாமனாரும். மாமனார் ரயில்வேல இருந்தவர். என்னைவிட ஒழுங்கா நிமிஷம் எழுதினார். நாற்காலி மறுபடி வெளிய வந்த சந்தோஷம் வேற.

பொறியாளர் சார் சொன்னபடி பொருத்திப் பாத்தோம். வந்த வண்டியில பாதிக்கு மேல நிக்காம ஊடே போனது. அதுலயும் பெரும்பாலானது மீடியன் இடைவெளியில ரைட் எடுத்து எங்க தெருவுக்குள்ள வந்து ஸ்டேஷன் ரோட்டுக்குப் போனது, இல்ல ஸ்டேஷன்லேர்ந்து வந்து இடைவெளி வழியா ரைட் எடுத்தது. ஆட்டோ அண்ணன் சொன்னது அட்சரம் பிசகல.

அடுத்த தெரு எங்க தெரு மாதிரியே, அதே அகலம், அதே பின் தெருவுல சேருது. முனையில மீடியன் மூடியிருக்கு. அங்க ஊடே போன வண்டியை விரல் விட்டு எண்ணிடலாம். அந்தத் தெரு மாமி எங்களுக்குக் காப்பி கொடுத்து, "எங்களுக்கு ஒரு பிரச்சனையும் இல்லையே"ன்னாங்க. வயிறு எரிஞ்சுது.

ஓய்வு_பொறியாளர்

அருமை. மாமனாருக்கு என் வணக்கம். இதை வைத்துக்கொண்டு இரண்டு வழிதான் கேட்க முடியும். ஒன்று, ஸ்டேஷன் ரோடு முனையை மறுபடி திறந்து ஒரு சிக்னல் வைப்பது. அந்த முனை ஸ்கூலுக்கு எவ்வளவு பக்கம்?

வாசல்கோலம்

ஸ்கூல் கேட்டுக்கு எதிர்லயேதான் சார். விபத்து நடந்ததும் அங்கதான்.

ஓய்வு_பொறியாளர்

அப்படியானால் அதைத் திறக்கச் சொல்லி நான் எழுதித் தரமாட்டேன். மிச்சம் இருப்பது உங்கள் தெரு முனை இடைவெளி. அதை நடக்கிறவர் கடக்கும் அளவுக்கு மட்டும் விட்டு மூடுவது.

வடக்கு_உஸ்மான்

மூடினா வண்டி அதுக்கடுத்த இடைவெளிக்குப் போகும், அந்தத் தெருக்காரன் அழுவான்.

ஓய்வு_பொறியாளர்

போகலாம். அதனால்தான் அடுத்த இடைவெளி எங்கே, அங்கிருந்து ஸ்டேஷன் ரோட்டுக்குச் சந்து வழி இருக்கிறதா என்று முதலில் பார்க்கச் சொல்வேன்.

வாசல்கோலம்

அடுத்தது பங்க் யூ டர்ன்தான். அங்கேயிருந்து பின் தெருவுக்கு வழி கிடையாது, நடுவுல ரயில்வே சுவர். அதனால அந்தப் பயம் இல்ல.

பிரச்சனை எங்க தெருவுக்குள்ளதான். நேத்து ராத்திரி எங்க வீட்டு வாசல்ல இருபது பேர் கூடினோம். இடைவெளியை மூடினா நாங்களும் வீட்டுக்கு வர பங்க் வரைக்கும் போய்த் திரும்பணும். கிளினிக் டாக்டர் வேண்டவே வேண்டாம்கிறார். முனையில மளிகைக்கடை வெச்சிருக்கிறவர், ஊடே போற வண்டியிலதான் காலையில பால் பாக்கெட் வியாபாரம்னு வெளிப்படையாச் சொல்லிட்டார். மூணாம் வீட்டுப் பாட்டி, "எனக்கு வண்டியே இல்ல, மூடுங்கடா"ன்னாங்க. என் வீட்டுக்காரர் தினமும் நாலு நிமிஷம் சுத்தணுமான்னு கேட்டார். அவர் இன்னொரு தெரு வழியாச் சுருக்குல போறதைச் சபையிலயே போட்டு உடைச்சேன். ராத்திரி சாப்பாட்டுல பேச்சே இல்ல.

ஸ்டாண்ட்_நம்பர்_4

அக்கா மூடறதுக்கு முன்னாடி ஒரு மாசம் பேரிகேடு வச்சுப் பாக்கச் சொல்லுங்க. புடிக்கலன்னா எடுத்துடலாம். சிமெண்ட் போட்டுட்டா எவனும் எடுக்க மாட்டான்.

லீ_பிரிட்ஜ்_ரோட்

தம்பி சொல்லுறது சரி. இஞ்சயும் கனக்க இடத்தில பரீட்சார்த்தம் எண்டுதான் தொடங்கினவை. ஆனா முதல் ரெண்டு கிழமையை, அதாவது ரெண்டு வாரத்தை, வைச்சு முடிவெடுக்காதேங்கோ, சனத்துக்குப் பழக்கம் மாற நேரம் வேணும். அந்த ரெண்டு கிழமையிலதான் எல்லாரும் திட்டுவினம்.

வாசல்கோலம்

பேரிகேடுன்னு எழுதித்தான் மனு தயார் பண்றோம், ஸ்கூல் பரீட்சை முடிஞ்சப்புறம் ஒரு மாசம். எண்ணின நோட்டை ஜெராக்ஸ் எடுத்து இணைக்கிறோம். கையெழுத்து இதுவரைக்கும் பதினொண்ணு, வேண்டாம்னவங்க ஆறு, யோசிச்சுச் சொல்றேன்னவங்கள்ல எங்க வீட்டுக்காரரும் ஒருத்தர்.

பொறியாளர் சார், ஒரு சந்தேகம். மனுவுல இடைவெளி அகலம் எவ்வளவுன்னு போடணுமா? மாமனார் டேப்பைக் கையில எடுத்துக்கிட்டு நிக்கிறார், நடு ரோட்டுல போய் அளக்க விடவா வேண்டாமா?

ஓய்வு_பொறியாளர்

விடவே விடாதீர்கள். ஓரத்தில் நின்று ஒரு போட்டோ போதும்.